ஓபரா அரங்கின் பின்பக்கத்து வாத்திய வேலை: கொழிஞ்சாம்பாறைப் பட்டறைக் கை அங்கே எதற்கு உதவும்?

கேள்வி இது: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மிருதங்கம், தவிலுக்குத் தோல் மூட்டுக் கட்டி, ஆர்மோனியம் ரிப்பேரும் பார்க்கும் ஒருவரை மஸ்கட்டில் ஓர் ஓபரா அரங்கில் வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "மேல்நாட்டு வாத்தியம் எதிலும் கை வைத்ததில்லை. போனால் தாக்குப்பிடிக்க முடியுமா? தினமும் அங்கே என்னதான் வேலை?" என்று கேட்கிறார்.

தாக்குப்பிடிக்கலாம். வேலையில் பாதி உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். மீதியில் சில, இங்கே நல்லதென்று பழகியதையே அங்கே விடச் சொல்லும். அந்த இடங்களைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஓபரா என்பது வசனத்தையும் பாடியே நடத்தும் நாடகம். மேடைக்கு முன்னால் தாழ்ந்த பள்ளத்தில் 40 முதல் 80 பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலும் மைக் கிடையாது. மஸ்கட்டின் ராயல் ஓபரா ஹவுஸ் 2011 அக்டோபரில் புச்சீனியின் 'துராந்தோத்' நாடகத்தோடு திறந்தது. பெரும்பாலும் வெளிநாட்டுக் குழுக்கள் வந்து நடத்திவிட்டுப் போகும் அரங்கு. இப்படிப்பட்ட அரங்குகளில் வயலினும் குழலும் பித்தளை வாத்தியங்களும் கலைஞர்களின் கையோடு வந்துவிடும். டிம்பனி, பெரிய டிரம், மணிகள், செலெஸ்டா, ஹார்ப், பியானோ, ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸ் மாதிரிப் பெரிய உருப்படிகள் அரங்கின் சொத்தாகவோ வாடகைக்கு எடுத்ததாகவோ இருக்கும். அவற்றை இறக்குவது, பள்ளத்தில் போடுவது, சுருதி நிற்க வைப்பது, இடைவேளையில் சரிபார்ப்பது, முடிந்ததும் பெட்டியில் அடைத்து அனுப்புவது ஆகியவைதான் உங்கள் வேலை.

இதில் முதலில் கற்க வேண்டியது வாத்தியத்தை அல்ல, காற்றை. பாலக்காட்டுக் கணவாய்க்காரருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்து கிழக்கிலிருந்து காய்ந்த காற்று கணவாய் வழியே அடிக்க ஆரம்பித்தால் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை தானாக ஏறிக்கொள்ளும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்று அதற்குப் பெயரே உண்டு. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் அதே வலந்தலை இறங்கிப்போய் நாதம் மந்தமாகிவிடும். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், காய்ந்தால் இழுக்கும். மரமும் அப்படித்தான்: நாரின் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில் உப்பும், சுருங்கும். வயலினின் மேற்பலகை, பியானோவின் நாதப்பலகை, ஹார்ப்பின் வயிறு எல்லாம் இந்தக் குறுக்குவாக்குக் கணக்கில்தான் உயிர்வாழ்கின்றன.

அரங்கில் ஈரப்பதத்தை 40க்கும் 60க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் வைக்கப் பார்ப்பார்கள். 45 முதல் 55 இருந்தால் நிம்மதி. வெப்பம் 20 முதல் 22 டிகிரி. அளவைவிட, அது மாறும் வேகம்தான் வாத்தியத்தைக் கொல்லும். ஒரு மாதத்தில் 60இலிருந்து 45க்கு இறங்கினால் மரம் தாங்கிக்கொள்ளும். ஒரே ராத்திரியில் இறங்கினால் ஒட்டு விடும், பலகை வெடிக்கும். வளைகுடாக் கடற்கரைக் கோடையில் வெளியே 40 டிகிரியும் கடல் ஈரமும், உள்ளே ஏசிக் குளிர். குளிர்ந்த வாத்தியத்தை இறக்குமேடையில் திறந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளரில் கோப்பதுபோல மேலெல்லாம் நீர் கோக்கும். அதனால் லாரியிலிருந்து இறங்கிய பெட்டியை மூடியபடியே உள்ளே கொண்டுவந்து, குறைந்தது நாலைந்து மணி நேரம் அப்படியே விட வேண்டும். பியானோவுக்கும் பழங்காலக் கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கும் ஒரு முழு நாள். அவசரப்படுத்துபவர்கள் இருப்பார்கள், இந்த ஒரு விஷயத்தில் இணங்கக் கூடாது.

ஈரமானி இரண்டு வேண்டும், ஒன்று கிடங்கில், ஒன்று பள்ளத்தில். பள்ளத்தின் காற்று கிடங்கின் காற்று மாதிரி இருக்காது. ஏசி ஊதுகுழாய் ஒன்று டபுள் பேஸ் நிற்கும் மூலைக்கு நேராக இருந்தால் அந்த மூலை மட்டும் வறண்டுகிடக்கும். காலை, ஒத்திகைக்கு முன், ராத்திரி என மூன்று வேளை எண்ணைக் குறித்து வையுங்கள். ஏதாவது வெடித்தால் "யார் போட்டு உடைத்தது?" என்ற கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில்.

வறட்சியில் வயலின், செல்லோ, பேஸ் இவற்றின் ஓரத் தையல் விடும். அதைக் கண்டு பதற வேண்டாம். பலகை வெடிப்பதற்குப் பதிலாக ஒட்டு விடட்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். ஒட்டியிருப்பது நம் தச்சர்கள் சொல்லும் வஜ்ஜிரம், அதாவது மிருகத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. திரும்ப ஒட்டவும் அதையேதான் பயன்படுத்த வேண்டும். பசையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து ஏறக்குறைய 60 டிகிரியில் உருக்குங்கள். கொதித்தால் பசையின் பிடி போய்விடும். ஃபெவிகாலைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அடுத்த வறட்சியில் அது விடாது, பலகைதான் பிளக்கும். அந்த ஒட்டுக்கூட வாத்தியம் அரங்கின் சொத்தாக இருந்தால் மட்டும். கலைஞரின் சொந்த வாத்தியத்தை அவர் கேட்காமல் தொடவே கூடாது, எடுத்து நகர்த்தி வைக்கவும் கூடாது. அதன் விலை ஒரு வீட்டின் விலையாக இருக்கலாம்.

பேஸின் வயிற்றுக்குள் மேற்பலகையையும் கீழ்ப்பலகையையும் முட்டுக்கொடுத்து ஒரு சின்னக் குச்சி நிற்கும். சவுண்ட் போஸ்ட் என்பார்கள். ஒட்டாமல், அழுத்தத்தால் மட்டும் நிற்பது. உள்ளே 'டொக்' என்று சத்தம் கேட்டுக் குச்சி விழுந்துவிட்டால் அந்த நிமிடமே கம்பிகளைத் தளர்த்துங்கள். முட்டு இல்லாத பலகையை, கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அழுத்தம் உள்ளே அமுக்கிவிடும். கம்பி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், இல்லாவிட்டால் குச்சி தானே விழும்.

அடுத்தது சுருதி. இங்கே பாடகர் ஒன்றரைக் கட்டையா, ஐந்து கட்டையா என்று சொன்ன பிறகு வாத்தியம் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே அரங்குக்கு ஒரே எண், அது எல்லோருக்கும் பொது. நம் கணக்கில் ஆறு கட்டை, அவர்கள் வாயில் 'ஏ'. அதன் சர்வதேச அளவு 440 ஹெர்ட்ஸ். ஆனால் ஐரோப்பியக் குழுக்களில் நிறையப் பேர் 442 அல்லது 443இல் வாசிக்கிறார்கள். அரைக் கட்டையை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். 440க்கும் 442க்கும் நடுவே ஏறக்குறைய 8 சென்ட். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் குளோக்கன்ஸ்பீல், செலெஸ்டா, குழாய்மணி இவற்றில் ஒலிப்பது உலோகத் தகடும் குழாயும். அவற்றைத் திருகி ஏற்ற வழியில்லை. 440 செலெஸ்டாவை வாடகைக்கு எடுத்துவிட்டு 443 குழு வந்து இறங்கினால், ஒவ்வொரு ஸ்வரமும் புளித்துக் கேட்கும், யாராலும் சரிசெய்ய முடியாது. இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். வாடகைக் கடிதத்தில் வாத்தியப் பெயருக்குப் பக்கத்திலேயே சுருதி எண்ணையும் எழுதி வாங்குங்கள். 18ஆம் நூற்றாண்டு ஹேண்டல் காலத்து நாடகம் என்றால் 415 கேட்பார்கள். அது 440க்கு ஏறக்குறைய அரைக் கட்டை கீழே.

ஆர்மோனியம் சேர்க்கும் கைக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ-ப சுத்தமாகச் சேர்ந்து அலை இல்லாமல் நிற்கும்வரை சேர்ப்பது நம் காதுக்கு ஊறிய பழக்கம். பியானோவில் அப்படிச் சேர்த்தால் கெட்டுப்போகும். சுத்தமான பஞ்சமத்தை 12 தடவை அடுக்கினால் தொடங்கிய ஸ்வரத்துக்கு ஏறக்குறைய 23 சென்ட் மேலே போய் நிற்கும். அந்த மிச்சத்தை 12 பஞ்சமத்துக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் 2 சென்ட் குறுக்கியே வைக்க வேண்டும். அப்போது ஸ-பவுக்குள் மெல்ல ஓர் அலை ஓடும். அந்த அலை குற்றமில்லை, இருக்க வேண்டியதுதான். அந்தர காந்தாரம் சுத்தத்துக்கு 14 சென்ட் மேலே நிற்கும். முதலில் காது ஒப்பவே ஒப்பாது. மூன்று மாதம் ஒரு பழைய பியானோவில் இந்த அலையை எண்ணிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். ஹார்ப்சிகார்டுக்கு வேறு பங்கீடுகள் உண்டு. எது வேண்டும் என்று வாசிப்பவர் சொல்வார். பழைய பாணி நாடகங்களில் பேச்சு மாதிரி வரும் பாட்டுக்கெல்லாம் துணை ஹார்ப்சிகார்டுதான், ஆனால் அது சுருதி நிற்காத வாத்தியம். காலையில் ஒரு தடவை, காட்சிக்கு முன் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை சேர்க்க வேண்டிவரும். இடைவேளையின் 20 நிமிடத்தில் பள்ளத்தில் மற்றவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தச் சத்தத்துக்குள் சேர்க்கப் பழக வேண்டும்.

இனி உங்களுக்கு நெருங்கிய உறவுக்காரர்: டிம்பனி. செம்புக் கிண்ணம், மேலே தோல், சுற்றிலும் ஆறோ எட்டோ திருகு, கீழே ஒரு பெடல். மிதித்தால் தோல் இழுபட்டுச் சுருதி ஏறும். 32, 29, 26, 23 அங்குலக் கிண்ணங்கள் நாலும் வழக்கமான ஜோடிப்பு, சில சமயம் 20ம் சேரும். தோல் மாற்றும் முறையைப் பாருங்கள், போல்ட் வைத்த தவில் பார்த்தவருக்கு நேராகப் புரியும். பழைய தோலைக் கழற்றி விளிம்பைத் துடைத்து, நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் டெஃப்லான் டேப் ஒரு சுற்று ஒட்டினால் தோல் நழுவும்போது கிறீச்சிடாது. புதுத் தோலை நடுவில் உட்காரவைத்து வளையத்தைப் போட்டுத் திருகுகளை விரலால் மட்டும் பிடியுங்கள். பெடலை மிகக் கீழ்ச் சுருதி நிலையில் நிறுத்திக்கொண்டு, எதிரெதிர் ஜோடியாக, ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் ஏற்றுங்கள். பிறகு விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒவ்வொரு திருகுக்கும் எதிரே மெல்லத் தட்டிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஸ்வரம் வர வேண்டும். மிருதங்கத்தில் 16 கண்ணையும் சுற்றித் தட்டிச் சமன் பார்க்கும் அதே காதுதான். பாலக்காட்டுப் பட்டறைகளில் பிழைத்த காதுக்கு இது எளிது. பெருவெம்பில் செண்டைக்கும் மத்தளத்துக்கும் தோல் இழுப்பவர்கள் செய்வதும் இதே சமன்தான்.

வித்தியாசம் இரண்டு. ஒன்று, மிருதங்கத் தோலின் நடுவில் அப்பும் கறுப்புச் சோறு இதில் இல்லை. தோலின் கனமும் இழுப்பும் மட்டுமே நாதம், அதனால் ஒரு திருகு சற்றுத் தவறினாலும் ஒளிக்க இடமில்லை. இரண்டு, கல்லையும் கட்டையையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். இங்கே வளையத்தைத் தட்டி ஏற்றுவதும் இறக்குவதும் அங்கே கிடையாது, திருகுச் சாவி மட்டும்தான். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல், ஈரம் அதை அசைக்காது. கன்றுத் தோல்தான் வேண்டும் என்று கேட்கும் வாசிப்பாளர்களும் இருக்கிறார்கள். அங்கே உங்கள் மதிப்பு சட்டென்று உயரும், ஏனென்றால் ஊறவைத்து, வளையத்தில் மடித்து, மெதுவாகக் காயவைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கன்றுத் தோல் போட்ட டிம்பனியை ராத்திரி தளர்த்திப் போடாதீர்கள், நடு இழுப்பில் நிறுத்துங்கள். தளர்வாகக் காய்ந்தால் தோல் சுருங்கி, மறுநாள் கீழ் ஸ்வரம் வராது. மேலே வட்டப் பலகை மூடி எப்போதும் இருக்கட்டும். அதன்மேல் டீக் கோப்பை வைக்க ஒருவரையும் விடாதீர்கள்.

ஆர்மோனியக் கை வீணாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'அரியாட்னே ஆஃப் நாக்ஸோஸ்' நாடகத்தில் ஆர்மோனியமே வாத்தியக் குழுவில் இருக்கிறது. காலால் மிதிக்கும் பெரிய பெட்டி, ஆனால் உள்ளே நாக்கு நம் பித்தளை நாக்குதான். நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். துருத்தியில் காற்றுக் கசிவு, நாக்கில் தூசி, உறைந்துபோன தோல் வால்வு என்று நோய்களும் அதே நோய்கள். செலெஸ்டா 1886இல் பாரிஸில் பிறந்தது. பியானோ மாதிரிக் கட்டை, உள்ளே இரும்புத் தகட்டைக் கம்பளிச் சுத்தி அடிக்கும். சுத்தி ஒட்டிக்கொள்வதும் அடக்கி சரியாக உட்காராமல் ஒலி நீளுவதும் அதன் வழக்கமான கோளாறுகள். இரண்டையும் பொறுமையான கை சரிசெய்யும்.

ஹார்ப்பில் 47 நரம்புகள், 7 பெடல்கள். சிவப்பு நரம்பு 'சி', கறுப்பு 'எஃப்'. அதை வைத்தே மற்றவற்றை எண்ணுவார்கள். நடுப்பகுதியில் குடல் நரம்பு, ஈரப்பதம் திடீரென்று மாறினால் காட்சி நடுவிலேயே அறும். முழு செட் உதிரி நரம்பு, எண் எழுதிய உறைகளில், பள்ளத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். பெடலின் உள் இயந்திரத்தை மட்டும் திறக்காதீர்கள், அதற்குத் தனி ஆள் வருவார். மஸ்கட் அரங்கில் ஜெர்மனியின் பான் நகரத்து கிளைஸ் நிறுவனம் செய்த குழாய் ஆர்கனும் உண்டு. அதுவும் அப்படித்தான், உங்கள் வேலை அந்தக் கூடத்தின் வெப்பத்தைக் காப்பது. ஆர்கன் குழாய் 1 டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 3 சென்ட் ஏறும்.

பள்ளம் போடுவதற்கு ஒரு வரி வரும், இப்படி: 2.2.2.2 - 4.2.3.1. முதல் நாலு எண் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அடுத்த நாலு ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. பிறகு டிம்பனி, தாளவாத்தியம், ஹார்ப், நரம்பு வாத்தியங்களின் ஆள் எண்ணிக்கை. இதைப் பார்த்தே நாற்காலி, ஸ்டாண்டு, விளக்கு, பேஸுக்கு உயர ஸ்டூல், செல்லோ முள் வழுக்காமலிருக்கப் பட்டை எல்லாம் எண்ணி வைக்கலாம். ஸ்டாண்டு விளக்குகளை அரங்கு முழுதும் இருட்டாக்கி ஒரு தடவை சரிபாருங்கள், வெளிச்சத்தில் எல்லாமே எரிவதுபோலத்தான் தெரியும்.

இடம் போடும்போது காதையும் நினையுங்கள். பித்தளை வாத்தியத்தின் வாய் யார் தலைக்கு நேராக இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை நிலைநிறுத்த வேண்டும். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012இல் வாக்னர் நாடக ஒத்திகையின்போது டிரம்பெட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவர் செவித்திறன் பாதிக்கப்பட்டு வழக்குப் போட்டார். 2018இல் உயர் நீதிமன்றம் அரங்கின் பொறுப்பு என்று தீர்த்தது, 2019இல் மேல்முறையீட்டிலும் பொறுப்பு உறுதியானது. ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு நாள் சராசரிக்கு 87 டெசிபல்தான் எல்லை. மறைப்புப் பலகை வைப்பதும் ஓர் அடி தள்ளிப் போடுவதும் உங்கள் கையில் இருக்கிறது. காதடைப்பான் பெட்டியைப் பள்ளத்து வாசலிலேயே வையுங்கள், உங்களுக்கும் சேர்த்து.

மேடைக்குப் பின்னாலிருந்து வரும் சங்கீதம் தனி அத்தியாயம். புச்சீனியின் 'டோஸ்கா' மூன்றாம் அங்கத்தில் ரோமாபுரியின் விடியற்காலை மணிகள், வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்'டில் சுருதி சேர்த்த 18 பட்டறைக்கல், மொசார்ட்டின் 'டான் ஜியோவானி'யில் ஒரு மாண்டலின். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் பின்னால் நிற்பவர், கையசைத்து வாத்தியக் குழுவை நடத்தும் நடத்துநரைக் கண்ணால் பார்த்துச் சரியாக அடித்தாலும் பார்வையாளருக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி அளவு பிந்திக் கேட்கும், அதனால் முந்தி அடிக்க வேண்டும். நடத்துநரைக் காட்டும் டிவித் திரையே தாமதம் செய்தால் இரட்டை நஷ்டம். ஒளி தாமதிக்காத பழைய குழாய் டிவிகளைச் சில அரங்குகள் இன்றும் பாதுகாப்பது இதற்காகத்தான். பக்கவாட்டு மறைவில் குளிர் அதிகமானால் பித்தளை வாத்தியங்கள் சுருதி இறங்கியே நுழையும். வாசிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வாத்தியத்தில் மூச்சு விட்டுச் சூடாக்க அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

பெரிய பியானோ 274 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 480 கிலோ. அதை நகர்த்தும்போதுதான் ஆள் கால் உடைகிறது. மூடியைப் பூட்டி, பெடல் கூட்டைக் கழற்றி, இடது முன்காலைக் கழற்றி, நேர்ப்பக்கம் கீழே வரும்படி பலகையின்மேல் சாய்க்க வேண்டும். நாலு பேருக்குக் குறைந்து தொடாதீர்கள், ஒருவர் குரல் மட்டும் சொல்லட்டும்.

காகித வேலையும் வரும். வயலின் வில் செய்யும் பெர்னம்புகோ மரம் 2007இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. பழைய விற்களில் யானைத் தந்தம், ஆமை ஓடு இருக்கலாம், அவற்றுக்கு எல்லை தாண்ட மூன்று ஆண்டு செல்லும் வாத்தியச் சான்றிதழ் உண்டு. வாத்தியங்களைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற சுங்க ஏடு. இந்தியாவில் ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு வழங்குகிறது. அதில் எழுதிய வரிசை எண்ணும் பெட்டிக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அடைக்கும்போதே பாருங்கள், ஒரே ஓர் எண் பிசகினால் லாரி சுங்கத்தில் நின்றுவிடும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: சென்ட் காட்டும், 415 முதல் 443வரை மாற்றக்கூடிய டியூனர், பியானோ சாவி, ஊசி அரங்கள், ஈரமானி, தேன்மெழுகு, வஜ்ஜிரக் கட்டி, தலையில் மாட்டும் டார்ச். பதப்படுத்தாத தோலை மட்டும் சூட்கேசில் வைக்காதீர்கள், கால்நடை நோய்த் தடுப்புச் சோதனையில் மாட்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் ஓமன் போகப் பெரும்பாலும் குடிப்பெயர்வு அனுமதி வேண்டும், இந்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் பதிவான முகவர் அல்லது முதலாளி வழியாகப் போக வேண்டும். சான்றிதழ் அட்டெஸ்டேஷன் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸில் நடக்கும். ஒப்பந்தத்தில் பதவியின் பெயர் 'ஹெல்ப்பர்' என்று இருந்தால் கையெழுத்துக்கு முன்பே 'வாத்திய டெக்னீஷியன்' என்று மாற்றச் சொல்லுங்கள். ராத்திரிக் காட்சிக்கு ஓவர்டைம் உண்டா, உடைந்தால் யார் பொறுப்பு, வாத்தியங்களுக்கு இன்ஷூரன்ஸ் யார் பெயரில் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.